மண் காத்த அமானிதம்

 

காவிரியும் கொள்ளிடமும் அரசலாறும் வெட்டாறும் பாயும் நம் தஞ்சைத் தரணியில் மண்ணைக் கிளறாத மாதமே இல்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் வயலை உழுகிறோம். கோடை வந்தால் குளத்தையும் வாய்க்காலையும் தூர் வாருகிறோம். மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானால் வீட்டின் பின்கட்டை இடித்துவிட்டுப் புதிய அறைக்குக் கடைக்கால் தோண்டுகிறோம். ஜமாஅத் கூடிப் பள்ளிவாசலை விரிவாக்கத் தீர்மானித்தால், துஆ ஓதி முடித்ததும் முதலில் மண்ணில் விழுவது கடப்பாரையின் அடிதான். அப்படித் தோண்டும்போது கடப்பாரை நுனியில் 'ணங்' என்று ஓர் ஓசை எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை விலக்கிப் பார்த்தால் ஒரு செப்புக்குடம். அல்லது எழுத்துப் பொறித்த ஒரு கல். அல்லது அண்டைச் சமயத்தார் வணங்கும் ஒரு திருவுருவம். அந்தக் கணத்தில் நாம் என்ன செய்ய வேண்டும்?

மதரஸாவில் ஜகாத் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'ரிகாஸ்' எனப்படும் புதையலைப் பற்றிய பகுதியை முடித்ததும் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத்! எங்கள் அத்தாவின் வயல் கோயில் நிலத்தை ஒட்டியிருக்கிறது. உழும்போது ஒரு சிலை கிடைத்தால் என்ன செய்வது? வெளியே சொன்னால் வம்பு வரும், மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டியதுதான் என்று எங்கள் பெரியத்தா சொல்கிறார்" என்றார். வகுப்பில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது வேடிக்கைக் கேள்வியன்று. இந்த மண்ணில் வாழும் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்வி. அன்று அவருக்குச் சொன்னதையும், அதன் பிறகு தேடிப் படித்ததையும் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆணிகள் காட்டிய கப்பல்

முதலில் கடல் கடந்த நாடு ஒன்றின் செய்தி. அதைச் சொல்வதற்கான காரணம் பின்னால் விளங்கும்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் என்றொரு மாவட்டம். அங்கே டீபன் ஆற்றங்கரை மேட்டில், சட்டன் ஹூ என்னுமிடத்தில் ஒரு மாளிகை. கணவரை இழந்த எடித் பிரெட்டி என்னும் பெண்மணி அதன் உரிமையாளர். மாளிகையை அடுத்திருந்த அவருடைய நிலத்தில் பழைய மண்மேடுகள் பல இருந்தன. அவற்றுள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய அவர், 1938-ஆம் ஆண்டில் பாசில் பிரவுன் என்பவரை அமர்த்தினார். பிரவுன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் அந்தப் பகுதியின் மண்ணை நன்கறிந்தவர்.

1939-ஆம் ஆண்டின் கோடையில் பெரிய மேட்டைத் தோண்டியபோது துருப்பிடித்த இரும்பு ஆணி ஒன்று தென்பட்டது. பிறகு இன்னொன்று, அதன்பின் ஒரு வரிசை. பிரவுன் அவற்றைப் பிடுங்கி எடுக்கவில்லை. ஒவ்வோர் ஆணியையும் அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மணலை மட்டும் மெதுவாக நீக்கினார். முடிவில் அவர் முன்னே காட்சியளித்தது ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல்! ஆனால் அங்கே கப்பலின் மரம் ஒரு துண்டுகூட எஞ்சியிருக்கவில்லை. மரம் முழுவதும் மக்கி மண்ணாகிவிட்டது. மணலில் பதிந்த அச்சும், வரிசை குலையாமல் நின்ற ஆணிகளுமே கப்பலாகக் காட்சி தந்தன. மன்னர் ஒருவருக்காகப் புதைக்கப்பட்டது அக்கப்பல் என்பது அறிஞர் பலரின் கருத்து. கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதாவது, நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்ந்த காலத்தையொட்டி அது மண்ணுக்குள் போயிருக்கிறது.

உள்ளே பொற்காசுகள் 37 இருந்தன. பொன்னணிகளும், பைசாந்தியப் பேரரசிலிருந்து வந்த வெள்ளிக் கலங்களும் இருந்தன. சட்ட விசாரணை நடந்து, அவை அனைத்தும் நிலத்துக்குரிய அந்த அம்மையாருக்கே சொந்தம் என்று முடிவாயிற்று. அவரோ அவ்வளவையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

அவருடைய வள்ளன்மையைப் பாராட்டுவதோடு நாம் நின்றுவிடக்கூடாது. கவனிக்க வேண்டியது அந்த ஆணிகளை! அவற்றை யாரேனும் பழைய இரும்பு என்று கூடையில் அள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும்? ஒரு கூடை இரும்பு மிஞ்சியிருக்கும், கப்பல் மறைந்திருக்கும். பொருளிலே பாதி வரலாறுதான் இருக்கிறது. அந்தப் பொருள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதற்கு அருகில் கிடந்தது என்பதிலே மறுபாதி இருக்கிறது.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இதை எளிதில் விளக்கலாம். ஒரு செய்தியை நபிமொழி என்று ஒருவர் கூறினால், நம் இமாம்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா? "இதை உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?" என்று வழிவழியாக விசாரித்தார்கள். அந்த அறிவிப்பாளர் தொடருக்கு இஸ்னாத் என்று பெயர். இஸ்னாத் அறுந்துபோனால் செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பலவீனமானதே. மண்ணில் கிடைக்கும் பொருளுக்கும் ஓர் இஸ்னாத் உண்டு. அது கிடந்த இடமே அதன் இஸ்னாத். இடத்தைக் குலைத்துவிட்டுப் பொருளை மட்டும் எடுத்து வருகிறவர், தொடரை அறுத்துவிட்டுச் செய்தியை மட்டும் சொல்கிறவரைப் போன்றவர்.

சோழன் மாளிகையும் செங்கல் குழிகளும்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே சென்றால் கங்கைகொண்ட சோழபுரம். இன்று அது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் தஞ்சையை விட்டு அங்கே புதிய தலைநகரை அமைத்தான். இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழப் பேரரசு அங்கிருந்தே ஆளப்பட்டது. அவன் எழுப்பிய கோயில் இன்றும் நிற்கிறது. 2004-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் அது இடம் பெற்றது. ஆனால் அரசன் வாழ்ந்த அரண்மனை எங்கே?

கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், உட்கோட்டைக்கு அருகே ஒரு மேட்டுநிலம் உண்டு. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அதை 'மாளிகைமேடு' என்றே அழைத்து வந்தனர். மாளிகை இல்லை; பெயர் மட்டும் இருந்தது. சுற்றுவட்டாரத்து ஊர்ப்பெயர்களைக் கேளுங்கள்: உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி! மெய்க்காவலர் இருந்த இடமும், படைக்கலம் இருந்த இடமும், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு ஆயத்தம் செய்த இடமும் மக்களின் நாவிலே புதைந்து கிடந்தன.

1980-81-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அம்மேட்டில் அகழாய்வு செய்தது. 2021-ஆம் ஆண்டு முதல் மீண்டும் ஆய்வுகள் நடந்தன. சுட்ட செங்கற்களாலான அரண்மனைச் சுவர்கள் வெளிப்பட்டன. கூரை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றோடு இரும்பு ஆணிகள் கிடைத்தன. ஆம், இங்கும் ஆணிகள்தாம்! மரத்தாலான மேற்கட்டுமானமும், ஓடு வேய்ந்த கூரையும் கொண்ட மாளிகை அது என்பதை அந்த ஓடுகளும் ஆணிகளுமே உணர்த்தின. மரம் மக்கிவிட்டது, ஆணி சாட்சி சொன்னது. சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும், கண்ணாடி மணிகளும், சங்கு வளையல் துண்டுகளும், தந்தத்தாலான பொருள்களும், பொன்முலாம் பூசிய செப்பு வளையத்தின் பகுதியும் அங்கே கிடைத்தன.

ஆனால் அந்த அரண்மனையின் சுவர்கள் பெரும்பகுதி அடித்தளத்தளவிலேயே எஞ்சியிருக்கின்றன. மேலிருந்த செங்கற்கள் எங்கே போயின? காலமும் போரும் அழித்தவை போக, மிஞ்சியவற்றைப் பிற்காலத்து மக்கள் தோண்டியெடுத்துத் தங்கள் வீடுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களைப் பழிப்பதற்கில்லை. மழைக்கு ஒதுங்கச் சுவர் வேண்டிய ஏழைக்குச் செங்கல் செங்கல்தான். ஏழை செய்ததை அரசும் செய்தது. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதில் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அணைக்குப் பயன்படுத்தப்பட்டன. அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றைப் பார்க்கிறோம். அந்த அணையின் வயிற்றில் ஒரு மதில் உறங்குவதை எண்ணிப் பார்ப்பதில்லை. அணை வேண்டியதுதான், அதன் தண்ணீரால் விளைந்த நெல்லை உண்டவர்கள் ஏராளம். ஆயினும் எந்தக் கல் எங்கே இருந்தது, அதில் என்ன எழுதியிருந்தது என்று குறித்துவைத்த பின் எடுத்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எழாமல் இல்லை.

நாகைக் கோபுரம்

அதே இராசேந்திரனின் பெயரோடு தொடர்புடைய இன்னோர் இடம், நம் மக்கள் அதிகம் வாழும் நாகப்பட்டினம். கடலுக்கு அப்பால் ஸ்ரீவிஜயத்தை ஆண்ட மன்னன், முதலாம் இராசராசன் காலத்தில் நாகையில் பௌத்த விகாரம் ஒன்றை எழுப்பினான். தன் தந்தையின் பெயரால் அதற்குச் சூளாமணிவர்ம விகாரம் என்று பெயரிட்டான். சைவனாகிய இராசராசன், பௌத்தர்களின் அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக விட்டான். தந்தையின் வாக்கை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறித்து நிலைநாட்டினான். 21 ஏடுகள் கொண்ட அந்தச் செப்பேட்டுத் தொகுதி டச்சுக்காரர்கள் மூலம் ஐரோப்பாவுக்குப் போய், நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' என்ற பெயரைப் பெற்றுவிட்டது. ஆனைமங்கலத்து ஏடு லெய்டன் ஏடாயிற்று!

நாகையில் பழைய செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றிருந்தது. இன்று நாகூரின் மனாராக்கள் கடலில் வருவோர்க்குக் கரையைக் காட்டுவது போல, அன்று மாலுமிகளுக்கு அது அடையாளமாக விளங்கிற்று. சீனக் கோபுரம் என்றும், புதுவெளிக் கோபுரம் என்றும் அதற்குப் பெயர்கள் வழங்கின. அதை அடுத்த நிலம் ஏசு சபைப் பாதிரிமார்களின் வசம் இருந்தது. 1856-ஆம் ஆண்டில் அங்கே முதிர்ந்த பெருமரம் ஒன்றை அகற்றியபோது அதன் வேரடியிலிருந்து புத்தர் உருவங்கள் வெளிவந்தன. இடிந்து வந்த கோபுரமும் அரசின் இசைவோடு 1867-ஆம் ஆண்டில் தரைமட்டமாக்கப்பட்டது.

அன்று தொடங்கி 1934-ஆம் ஆண்டு வரை அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல சென்னை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன. மற்றவை பல ஊர்களுக்கும் பல நாடுகளுக்கும் பிரிந்து போயின. அவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

மாளிகைமேட்டில் பொருள் போய் இடம் எஞ்சியது. நாகையில் பொருள் எஞ்சி இடம் போய்விட்டது. இரண்டிலுமே வரலாற்றின் இஸ்னாத் ஒரு பக்கம் அறுந்தது.

ஷரீஅத் என்ன சொல்கிறது?

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். இஸ்லாம் இதைப்பற்றி வாய்மூடி இருக்கவில்லை. முற்காலத்தார் புதைத்துச் சென்ற செல்வமான ரிகாஸில் ஐந்தில் ஒரு பங்கை வழங்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விதித்துள்ளார்கள். எந்தெந்தப் பொருளுக்கு இது பொருந்தும், யாருடைய நிலத்தில் கிடைத்தது என்பன போன்ற விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. கிடைத்த பொருளில் இஸ்லாமியக் காலத்து அடையாளம் இருந்தால் அதைப் புதையலாகக் கருதாமல், உரியவர் தவறவிட்ட பொருளாக, அதாவது 'லுகதா'வாகக் கருத வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதினார்கள். அப்படியானால், கிடைத்த காசை உருக்குவதற்கு முன் அதில் என்ன பொறித்திருக்கிறது, அது எக்காலத்தது என்று படித்துப் பார்க்க வேண்டியது மார்க்கக் கடமையாகிறது அல்லவா?

லுகதாவைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் கேட்டபோது, அது இருந்த பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொண்டு, ஓராண்டுக் காலம் மக்களிடையே அறிவிக்கும்படி பணித்தார்கள். பையையும் கயிற்றையும்! காசு எவ்வளவு என்று மட்டும் எண்ணச் சொல்லவில்லை. காசு எதற்குள், எவ்வாறு கட்டுண்டு கிடந்தது என்பதைக் கவனிக்கச் சொன்னார்கள். உரியவரைக் கண்டறிய அதுவே வழி. ஒரு பொருளின் காலத்தைக் கண்டறியத் தொல்லியல் அறிஞர்கள் கையாளும் முறையும் இதுதானே!

நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் இடம் பெற்றிருக்கிறது. முன்னொரு காலத்தில் ஒருவர் மற்றொருவரிடமிருந்து நிலம் வாங்கினார். அதில் பொன் நிறைந்த சாடி ஒன்று கிடைத்தது. வாங்கியவர் அதைச் சுமந்துகொண்டு விற்றவரிடம் ஓடினார். தாம் வாங்கியது நிலத்தைத்தான், பொன்னையன்று என்றார். விற்றவரோ, நிலத்தை அதிலுள்ள அனைத்தோடும் விற்றுவிட்டதாகச் சொல்லி வாங்க மறுத்தார். இருவரும் ஒரு நடுவரிடம் சென்றனர். ஒருவருக்கு மகனும் மற்றவருக்கு மகளும் இருப்பதை அறிந்த நடுவர், அவ்விருவருக்கும் மணம் செய்வித்து, அந்தப் பொன்னை அவர்களுக்குச் செலவிட்டு, தர்மமும் செய்யும்படி தீர்ப்பளித்தார். "எனக்கு, எனக்கு" என்று வழக்காடுவதைத்தான் நாம் கண்டிருக்கிறோம். "எனக்கு வேண்டாம்" என்று வழக்காடிய இருவரின் கதை இது. மண்ணுக்குள் கிடைத்ததை மறைக்காமல் வெளியே சொன்னதால்தான் அங்கே ஒரு குடும்பம் உருவாயிற்று!

நாட்டின் சட்டம்

நாம் வாழும் நாட்டின் சட்டமும் இங்கே தெளிவானது. 1878-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் எதுவும் புதையலே. அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால், என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, என்று கிடைத்தது என்பதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் பங்கு பறிபோவதோடு, ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. மறைப்பதற்கு உடந்தையாயிருக்கும் நில உரிமையாளரும் தண்டனைக்குத் தப்ப முடியாது.

முறைப்படி தெரிவித்தவருக்கு அச்சட்டம் அநீதி செய்யவில்லை. விசாரணைக்குப் பிறகு, உரிமை கோரிப் புதைத்தவரின் வழியினர் எவரும் வராவிட்டால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் அதில் பங்கு உண்டு. வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்குரியவருக்கு நாலில் ஒரு பங்கு என்று சட்டம் பிரிக்கிறது. அரசே அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ரிகாஸில் நாம் கொடுக்க வேண்டியதும் ஐந்தில் ஒரு பங்கு. இங்கே அரசு கூட்டித் தருவதும் ஐந்தில் ஒரு பங்கு! 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ, நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டு செல்வதைத் தடுக்கிறது. "பழைய பித்தளை இருந்தால் கொடுங்கள்" என்று வாசலில் வந்து நிற்பவரிடம் எதையும் கொடுப்பதற்கு முன் இல்லத்தரசிகள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எந்தப் படைக்கு அஞ்சி?

இங்கே சற்று மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. மாணவரின் பெரியத்தா ஏன் மூடிவிடச் சொன்னார்? பேராசையால் அன்று; அச்சத்தால். ஒரு முஸ்லிமின் வயலில் சிலை கிடைத்தது என்றால் ஊர் என்ன பேசுமோ என்ற அச்சம். சிலைகளை மண்ணில் மறைத்தது 1311-ஆம் ஆண்டின் தில்லிப் படையெடுப்புக்கு அஞ்சித்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோர் உண்டு. அந்தப் படையெடுப்பு நடந்தது உண்மை. அதன் அச்சம் தமிழகக் கோயில்களைத் தாக்கியதும் உண்மை. வரலாற்றை மறுப்பது நமக்கு அழகன்று. ஆனால் காவிரிக் கரை கண்ட படை அது ஒன்றுதானா? பாண்டியர் படை சோழ நாட்டை எரித்திருக்கிறது. 1758-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சையை முற்றுகையிட்டார். 1781-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை இந்த வளநாட்டைப் பாழாக்கிற்று. படைக்கு அஞ்சாமல், வழிபாட்டு முறைப்படியே மண்ணில் சேர்க்கப்பட்டவையும் உண்டு.

எந்தச் சிலை எந்த அச்சத்தால், எந்த நூற்றாண்டில் புதைக்கப்பட்டது என்பதை மண்தான் சொல்ல வேண்டும். அதனோடு கிடக்கும் பானை ஓடு சொல்லும். அருகே சிதறிய காசு சொல்லும். மேலே படிந்த வண்டல் சொல்லும். இரவோடு இரவாகப் பெயர்த்தெடுத்தாலோ, மூடி மறைத்தாலோ அந்தச் சாட்சிகள் அழிந்துபோகும். சாட்சி அழிந்த இடத்தில் வதந்தி குடியேறும். வதந்தியால் முதலில் சுடப்படுவது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்காக மண் தோண்டியபோது, இருபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த 400-க்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. அண்டைச் சமூகத்தார் எவ்வளவு மகிழ்ந்தார்கள்! அத்தகைய மகிழ்ச்சி ஒரு முஸ்லிமின் வயலிலிருந்து, ஒரு முஸ்லிமின் நேர்மையால் அவர்களுக்குக் கிடைக்குமானால், அதைவிடச் சிறந்த நல்லுறவுச் சொற்பொழிவு வேறு ஏது? பிறருடைய வழிபாட்டுப் பொருள் நம் வணக்கத்துக்குரியதன்று. ஆனால் அது நம் கைக்கு வந்துவிட்டால் அமானிதம். மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவிலும், தம்மைக் கொல்ல வந்தவர்களின் அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை நியமித்துச் சென்ற அண்ணலாரின் உம்மத் அல்லவா நாம்?

நம் வீட்டு அமானிதம்

பிறருடைய பொருளைக் காப்பதைப் பற்றிப் பேசினோம். நம்முடையதை நாம் காக்கிறோமா?

திருச்சிராப்பள்ளிக் கோட்டை இரயில் நிலையத்துக்கு அருகே கல்லுப்பள்ளி என்னும் சிறிய பழம்பள்ளி ஒன்று உண்டு. அங்குள்ள அரபுக் கல்வெட்டில் ஹிஜ்ரி 116 என்ற ஆண்டு காணப்படுகிறது. கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் அது 734. அதாவது, தஞ்சையில் சோழப் பேரரசு எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே காவிரிக் கரையில் தொழுகை நடந்ததற்கு அந்தக் கல் சாட்சி கூறுகிறது. "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று கேட்போருக்கு நூறு மேடைப் பேச்சுகளால் சொல்ல முடியாத விடையை அந்த ஒரு கல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன்மீது யாரோ ஒருவர் வெள்ளையடித்திருந்தால்? புதுப்பிக்கும்போது அதைப் படிக்கட்டில் பதித்திருந்தால்?

நம் மஹல்லாக்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பழைய பள்ளிவாசலை இடித்துப் பளிங்கு பதிக்கிறோம். வாசற்படி மேலிருந்த எழுத்துக்கல்லை எங்கே போட்டோம் என்று கேட்டால் விடை இல்லை. மையவாடியைச் சுத்தம் செய்யும்போது பழைய மீஸான் கற்களைப் பிடுங்கி மதிலோரம் குவிக்கிறோம். எந்தக் கல் யாருடைய தலைமாட்டில் நின்றது என்பது அன்றோடு மறைந்துபோகிறது. பரணில் கிடந்த அரபுத்தமிழ் ஏடுகளைக் கரையான் தின்றதென்று ஆற்றில் விடுகிறோம். மாளிகைமேட்டில் செங்கல் எடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியாது. படித்த நமக்குமா தெரியாது?

ஆகவே சில எளிய கடமைகளை உங்கள் முன் வைக்கிறேன். கடைக்கால் தோண்டும்போது ஏதேனும் தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். பொருளை அசைக்காமல், கழுவாமல், அதன் மேல் ஓர் ஓலையையோ சாக்கையோ போட்டு மூடி வையுங்கள். கொத்தனாரையும் சித்தாளையும் சாட்சியாக வைத்து, இடத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், நிழற்படமும் எடுத்துக்கொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ அன்றே தெரிவியுங்கள். எழுத்து மூலம் கொடுத்து அதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். பங்கு ஏதும் கைக்கு வந்தால், அதிலுள்ள மார்க்கக் கடமையை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நிறைவேற்றுங்கள். பள்ளிவாசலை இடிப்பதற்கு முன் ஜமாஅத்தார் ஒரு நாளை ஒதுக்கி, எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, அளந்து, புதிய கட்டடத்திலேயே படிக்கத்தக்க இடத்தில் பதியுங்கள். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கொஞ்சம் பொறுமை போதும்.

பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்ற சமூகத்தாரின் முடிவு எவ்வாறாயிற்று என்று பார்க்கும்படி திருமறை நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. தொலைதூரம் போக இயலாதவர்களுக்கு அந்தப் பாடம் காலடியிலேயே இருக்கிறது. கடல் கடந்து கடாரம் வென்றவனின் மாளிகையில் எஞ்சியவை சில செங்கல் வரிசைகளும் ஒரு கூடை ஆணிகளும். நாம் கட்டும் மாடிகளில் என்ன எஞ்சும் என்பதை எல்லாம் வல்ல அல்லாஹ்வே அறிவான்.

அந்த மாணவர் விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பியதும் என்னிடம் வந்தார். "பெரியத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன் ஹஜ்ரத்" என்றார். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வயல் வரப்பில் எழுத்து வெட்டிய கல் ஒன்று கிடக்கிறது, ஏர்க்கொழுவைத் தீட்ட வைத்திருக்கிறோம், அதை யாரிடம் காட்ட வேண்டும் என்று உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டு வா என்றார்."

உங்கள் வரப்பிலும் அப்படி ஒரு கல் கிடக்கலாம். இன்று மாலை அஸர் தொழுதுவிட்டு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். மண் இத்தனை நூற்றாண்டு காத்த அமானிதத்தை நம் தலைமுறை வீணாக்கிற்று என்ற பெயர் நமக்கு வராமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.